எட்டாவது ஆள்

ஜெயிக்கப்போகிற ஆட்டத்தை அப்படியே போட்டுவிட்டுப் போகிற ஒரே ஒரு மனிதரைத்தான் நான் பார்த்திருக்கிறேன். தோற்கப்போகிற ஆட்டத்தை விட்டுவிட்டு ஓடுகிறவர்கள் நிறைய உண்டு. அந்த வரிசையில் நான் முன்னால் நிற்கிறவன். சிக்னல் போய்விட்டது, போன் வந்துவிட்டது, கை தவறிப் பட்டுவிட்டது என்று எனக்கு நேரத்துக்கு ஒன்று கிடைக்கும். அவரிடம் இருந்தது ஒரே காரணம். "ஆள் வந்துட்டாங்க" என்பார். போனைச் சட்டைப் பைக்குள் போடுவார். வண்டியை ஸ்டார்ட் செய்வார்.

அவர் பெயர் எனக்குத் தெரியாது. மூன்று வருஷம் தினமும் அவர் வண்டியில் போயிருக்கிறேன். நூற்றுக்கணக்கான முறை அவரிடம் தோற்றிருக்கிறேன். பெயர் மட்டும் கேட்கவில்லை. வண்டியின் நெற்றியில் ஒரு பெண் பெயர் எழுதியிருந்தது. அது மகளா, அம்மாவா, வண்டியை இவருக்கு விற்றவரின் மகளா என்றும் கேட்டதில்லை. செஸ் ஆடும் ஆப்பில் வண்டியின் நம்பரையே தன் பெயராகப் போட்டிருந்தார். என் மனதில் இன்றைக்கும் அவர் அந்த நான்கு இலக்கம்தான். அதை இங்கே எழுதினால் போக்குவரத்துக் காவலர்களுக்கு உபயோகப்படும், ஆகவே விட்டுவிடுகிறேன்.

நாங்கள் அப்போது திருவேற்காட்டில் வாடகைக்கு இருந்தோம். நான் கரூர்ப் பக்கம், மனைவி திண்டுக்கல், மகள் பிறந்ததிலிருந்து மெட்ராஸ். என் கம்பெனி பஸ் காலை எட்டே முக்காலுக்குப் பூந்தமல்லியில் வந்து நிற்கும். அதைப் பிடிக்கக் கோயில் ஆர்ச் பக்கத்தில் ஷேர் ஆட்டோ ஏற வேண்டும். ஷேர் ஆட்டோ என்று சொல்வதே தவிர அது நான்கு சக்கர வேன்தான். முன்னால் ஒருவர், நடுவில் மூவர், பின்னால் நால்வர். எட்டுப் பேர் நிரம்பினால்தான் கிளம்பும். ஏழு பேர் ஏறி உட்கார்ந்து எட்டாவது ஆளுக்காகத் தவம் கிடப்பது எங்கள் பேட்டையின் காலை வழிபாடு.

மற்ற ஓட்டுநர்கள் வண்டிக்கு வெளியே நின்று "பூந்தமல்லி, பூந்தமல்லி" என்று தொண்டை கிழியக் கூப்பிடுவார்கள். இவர் கூப்பிட மாட்டார். ஸ்டியரிங்கில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு கட்டைவிரலால் எதையோ தள்ளிக்கொண்டிருப்பார். முதல் நாள் நான் ரம்மி என்று நினைத்தேன். எட்டிப் பார்த்தால் செஸ். அதுவும் ஒரு நிமிஷ செஸ்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு நிமிஷ ஆட்டத்தில் மொத்த ஆட்டத்துக்கும் ஆளுக்கு அறுபது விநாடி. அதற்குள் எத்தனை காய் வேண்டுமானாலும் நகர்த்தலாம். யாருடைய அறுபது முதலில் தீர்கிறதோ அவர் தோற்றார். எதிரே இருப்பவனிடம் ராஜாவும் ஒற்றைச் சிப்பாயும் மட்டுமே மிஞ்சியிருந்தாலும், நம்மிடம் ராணியும் இரண்டு யானையும் இருந்தாலும், நேரம் தீர்ந்தால் நாம்தான் அவுட். செஸ்ஸில் இருக்கிற ஒரே மரியாதையான விஷயம் யோசிப்பது. அதையும் எடுத்துவிட்டால் வருவது இந்த ஆட்டம்.

நான் கல்லூரி செஸ் அணியில் இருந்தவன். மாற்று ஆட்டக்காரன், ஒரு முறையும் இறக்கிவிடவில்லை, இருந்தாலும் அணிதான். அந்த அதிகாரத்தில் முதல் நாளே அவருக்கு ஆலோசனை சொன்னேன்.

"குதிரையை இந்தப் பக்கம் வச்சிருந்தா இன்னும் நல்லாயிருந்திருக்குமே."

"நல்லாத்தான் இருந்திருக்கும் சார்," என்றார் போனிலிருந்து கண் எடுக்காமல். "அத்தக் கண்டுபுடிக்க மூணு செகண்டு ஆவும். அதுக்குள்ள நான் நாலு காய் ஆடிருவேன்."

"நேரம் ஜாஸ்தி வச்சு ஆடலாமே? பத்து நிமிஷ ஆட்டம்கூட இருக்கே."

"வண்டி ரொம்பிரும் சார்."

அவ்வளவுதான் காரணம். அடுத்த ஆள் எப்போது வருவார் என்று தெரியாத தொழிலில் ஒரு நிமிஷத்துக்கு மேல் நீளும் எதையும் அவர் தொடவில்லை. எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்றதற்கு, "பி.டி. வாத்தியார் வராத பீரியட்ல" என்றார். என்னைவிட ஆறேழு வயது சின்னவர். ஒல்லி. மழையானாலும் வெயிலானாலும் காக்கிச் சட்டையின் மேல் பொத்தான் போட்டிருப்பார். பல் தெரியச் சிரிக்க மாட்டார், ஆனால் நான் தோற்கும்போது மூக்கு மட்டும் சிரிக்கும்.

ஆடும் விதம் பார்க்க அவ்வளவு அழகாக இருக்காது. முதல் ஆறு நகர்த்தலும் எப்போதும் ஒன்றேதான். எதிராளி என்ன செய்கிறான் என்று பார்ப்பதுகூட இல்லை. "வண்டிய ஸ்டார்ட் பண்றதுக்கு யோசிப்பாங்களா சார்? அது மாரிதான் இது." கடைசிப் பத்து விநாடிக்கு வந்துவிட்டால் அர்த்தமே இல்லாமல் செக் வைத்துக்கொண்டே இருப்பார். இது சரியான ஆட்டமா என்று ஒரு நாள் கேட்டேன். "செக்கு வச்சா அவன் நின்னு பதில் சொல்லணும்ல சார். சொல்லினு இருக்கட்டும்" என்றார். எதிராளியின் நேரத்தை இப்படித் தின்றே பாதி ஆட்டங்களை ஜெயித்தார். அந்தக் காலத்தில் அவருடைய ரேட்டிங் ஆயிரத்து எழுநூறுக்குப் பக்கத்தில் மிதந்துகொண்டிருந்தது. ரேட்டிங் என்பது ஆட்டக்காரனுக்கு ஆப் கொடுக்கிற மார்க். ஜெயித்தால் ஏறும், தோற்றால் இறங்கும். என்னுடையது ஆயிரத்து நூறு. அணியில் ஏன் இறக்கவில்லை என்று இப்போது புரிந்திருக்கும்.

இவரை ஒரே ஒரு முறையாவது ஜெயித்துவிட வேண்டும் என்று எனக்குப் பைத்தியம் பிடித்தது. காலையில் அவருக்குப் பக்கத்து சீட்டைப் பிடிப்பதற்காகவே பத்து நிமிஷம் முன்னதாகக் கிளம்பினேன். அவர் போனில் அவர், என் போனில் நான், வண்டி நிரம்பும் வரை. முதல் வாரம் முழுக்கத் தோற்றேன். இரண்டாம் வாரம் வீடியோ பார்த்துவிட்டு வந்து தோற்றேன். வீடியோவில் சொன்ன எல்லாவற்றையும் செய்தேன். கட்டைவிரல் வழுக்காமல் இருக்க மினுமினுப்பில்லாத ஸ்க்ரீன் கார்டு ஒட்டினேன். வியர்வைக்குக் கைக்குட்டை. விரலுக்குப் பயிற்சி வேறு. மேனேஜர் பேசும்போது மேஜைக்கடியில் கட்டைவிரலை மடக்கி நீட்டிக்கொண்டிருப்பேன். அவர் நான் அதிருப்தியில் இருப்பதாக எடுத்துக்கொண்டு அந்த வருஷம் சம்பள உயர்வைப் பற்றித் தனியாகக் கூப்பிட்டுச் சமாதானம் சொன்னார்.

ஐ.டி.க்காரன் எதைச் செய்தாலும் கடைசியில் ஒரு எக்செல் ஷீட்டில் வந்து நிற்பான். நானும் ஒன்று தொடங்கினேன். தேதி, எதிராளி, முடிவு, காரணம் என்று நாலு கட்டம். முடிவு என்கிற கட்டம் மேலிருந்து கீழ்வரை ஒரே மாதிரி இருந்தது. காரணம்தான் விதவிதமாக இருந்தது. சிக்னல். வெயில் ஸ்க்ரீனில் பட்டது. பக்கத்து ஆள் முழங்கை. வேன் குலுங்கியது, நிற்கிற வேன். என் மனைவி ஒரு நாள் அதை முழுக்கப் படித்துப் பார்த்தாள்.

"'நான் சரியா ஆடல'ன்னு ஒரு வரிகூட இல்லையே," என்றாள்.

"அதுக்குத் தனியா ஒரு கட்டம் போடணும்."

"போடுங்க. அப்புறம், 'ஒரு நிமிஷம்'னு சொல்லிட்டு பாத்ரூமுக்குள்ள போய் முக்கால் மணி நேரம் இருக்கீங்களே, அதுக்கும் ஒரு கட்டம் போடுங்க."

இந்த ஆட்டத்தில் ஒரு வசதி உண்டு. எதிராளி யோசித்துக்கொண்டிருக்கும்போதே நம் அடுத்த காயை முன்கூட்டி நகர்த்தி வைத்துவிடலாம். அவன் ஆடிய மறுகணம் நம்முடையது தானாக ஓடும், நேரமே செலவாகாது. முன்னேற இதுதான் வழி என்று எல்லா வீடியோவிலும் சொன்னார்கள். நான் அதைக் கற்றுக்கொண்ட புதிதில் ஒரு நாள், அவர் தன் யானையை முன்னால் கொண்டுவந்து செக் வைக்கப்போகிறார் என்று சர்வ நிச்சயமாக நம்பி, அதை வெட்ட ராணியை முன்கூட்டியே வைத்துவிட்டேன். அவர் செக் வைக்கவில்லை. சும்மா ஓரத்தில் ஒரு சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினார். என் ராணி தானாகப் போய் அவருடைய யானையின் எதிரில் நின்றது. அவர் கட்டைவிரலைத் தூக்கிய நிலையில் ஒரு கணம் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஆட்டத்தின் நடுவில் அவர் என்னைப் பார்த்தது அன்றைக்குத்தான்.

"நான் இன்னா பண்ணப்போறேன்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்களா சார்?" என்றார். மூக்கு சிரித்தது.

காரணக் கட்டத்தில் அன்று 'ஆப் கோளாறு' என்று எழுதினேன்.

ஆடி மாதம் வந்தது. ஆடியில் திருவேற்காட்டுக்கு எங்கிருந்தெல்லாமோ கூட்டம் வரும். மஞ்சள் புடவையும் வேப்பிலையுமாக ஆர்ச்சுக்கடியில் நிற்க இடம் இருக்காது. வண்டி வந்து நிற்பதற்குள் எட்டுப் பேரும் ஏறிவிடுவார்கள். அவர் ஆட்டத்தைத் தொடங்குவார், ஆறு காய் நகர்த்துவார், "ஆள் வந்துட்டாங்க." தொடங்குவார், நாலு காய், "ஆள் வந்துட்டாங்க." அப்படி விட்டதெல்லாம் ஆப்பின் கணக்கில் தோல்வி. மாதக் கடைசியில் அவர் ஆயிரத்து நானூறுக்கு வந்திருந்தார். என் கைக்கெட்டும் தூரம். எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது; வெளியில் வருத்தமாகக் கேட்டேன்.

"கஷ்டமா இல்லையா? இப்படி விழுந்துட்டீங்களே."

"இன்னாத்துக்கு சார் கஷ்டம்? அது எறங்குனா ஊட்ல ஒல கொதிக்குதுன்னு அர்த்தம்."

அப்போது அதை ஒரு ஜோக்காக எடுத்துக்கொண்டு சிரித்தேன்.

இனி நான் அவரை ஜெயித்த கதையைச் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் நன்றாக இருக்கும், ஆனால் எக்செல்லில் பதிவாகியிருக்கிறது.

ஆடி முடிந்து கூட்டம் வடிந்த ஒரு காலை. வண்டியில் என்னோடு ஏழு பேர். ஆட்டம் கடைசிக்கு வந்துவிட்டது. அவருக்குப் பதினோரு விநாடி, எனக்கு நாலு. அவர் ஆட வேண்டிய முறை. அவர் யானையை ஒரே ஒரு தடவை தட்டினால் செக்மேட், அதை நான் பார்த்துவிட்டேன். அவரும் பார்த்துவிட்டார், கட்டைவிரல் கிளம்பிவிட்டது. அந்த நேரம் ஆர்ச்சுக்கடியில் கட்டைப்பையோடு ஒரு பெரியவர் போய்க்கொண்டிருந்தார். நான் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, என் பி.ஈ. பட்டத்தையும் மாற்று ஆட்டக்காரன் பதவியையும் மறந்து, "பூந்தமல்லி, பூந்தமல்லி, வாங்கய்யா, வண்டி ரெடி, ஏறுங்க ஏறுங்க" என்று கத்தினேன்.

பெரியவர் திரும்பினார். வண்டியை நோக்கி வந்தார். "ஆள் வந்துட்டாங்க" என்று போனைப் பைக்குள் போட்டுவிட்டு, அவர் கையைப் பிடித்து ஏற்ற இறங்கிப் போய்விட்டார் இவர். ஒரே ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போயிருக்கலாம். தட்டவில்லை. பதினோரு விநாடி ஓடித் தீர்ந்தது. என் திரையில் 'நீங்கள் வென்றீர்கள்' என்று வந்தது. நான் அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்தேன். வெட்கமில்லாமல் ஆபீஸ் குழுவுக்கும் அனுப்பினேன்.

வண்டி கிளம்பி இரண்டு கிலோமீட்டர் போனதும் பெரியவர் பின்னாலிருந்து கேட்டார். "ஏம்ப்பா, கோயம்பேடு எப்ப வரும்?"

கோயம்பேடு நேரெதிர்த் திசை. வண்டியில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஓட்டுநர் வேலப்பன்சாவடியில் ஓரங்கட்டி நிறுத்திவிட்டு, பெரியவரின் பையையும் அவரையும் சாலைக்கு அந்தப் பக்கம் கூட்டிப்போய், கோயம்பேடு பஸ் வரும் வரை நின்று ஏற்றிவிட்டுத்தான் திரும்பினார். என் கம்பெனி பஸ் போய்விட்டது. இன்னும் மூன்று பேருக்கு வேலைக்கு நேரமாகி, அவர்கள் என் கரூர் வம்சத்தையே விசாரித்தார்கள். அவர் திட்டவில்லை.

"ஆள் ஏத்தறதுக்கு முன்ன எங்க போவணும்னு கேக்கணும் அண்ணாத்தே," என்றார் வண்டியை எடுத்துக்கொண்டே. "மத்தபடி நல்லாத்தான் கூவுறீங்க."

அன்றுதான் சாரிலிருந்து அண்ணாத்தே ஆனேன். பதவி உயர்வா இறக்கமா என்று கேட்கும் தைரியம் இல்லை.

மறுநாள் மனசு கேட்காமல் கேட்டுவிட்டேன். "ஒரு தட்டுதானே? தட்டிட்டுப் போயிருக்கலாமே."

"ஒண்ணு தட்டுனா இன்னொண்ணு தட்டத் தோணும்," என்றார். பிறகு, கேட்காமலே மேலும் சொன்னார், அது அவர் வழக்கமில்லை. "இந்த ஆட்டம் புச்சா கத்துக்கினப்ப ஒருக்கா முட்ச்சிட்டே பாக்கலாம்னு இருந்துட்டேன். ஏழு பேர் உள்ள கீறாங்க. எட்டாவது ஆள் வந்து நின்னாரு. 'இருங்க, ஒரு நிமிசம்'னேன். அவரு பின்னாடி வண்டிக்குப் போய்ட்டாரு. அந்த வண்டிதான் மொதல்ல கெளம்பும் போலன்னு உள்ள இருந்த ஏழு பேரும் எறங்கி அவர் பின்னாலயே போய்ட்டாங்க. நான் ஜெயிச்சுட்டுத் திரும்பிப் பாத்தா வண்டில ஒர்த்தரும் இல்ல."

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார், அன்றைக்குப் பல் தெரிந்தது. ஆனால் 'ஒரு நிமிஷம்' என்று நான் வீட்டில் யார் யாரிடம் சொல்கிறேன் என்று நினைத்துப் பார்த்தபோது சிரிப்பு கொஞ்சம் சீக்கிரமே நின்றுவிட்டது.

அந்த மழைக்காலம் முடிந்ததும் நான் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கினேன். எல்லோரும் வாங்கினார்கள், நானும் வாங்கினேன். ஆர்ச்சைக் கடக்கும்போது ஹெல்மெட்டின் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு போவேன். ஒரு நாள் சிக்னலில் பக்கத்தில் அவர் வண்டி. தலைமுதல் கழுத்துவரை மூடியிருந்தும், "அண்ணாத்தே, ஸ்டாண்டு தூக்கல" என்றார். ஸ்டாண்டைத் தூக்கிவிட்டு, நன்றிகூடச் சொல்லாமல் கிளம்பிவிட்டேன். பிறகு மனைவிக்கு ஆவடியில் வேலை கிடைத்து, சேக்காட்டுக்குக் குடி மாறினோம். எனக்கும் அம்பத்தூர் எஸ்டேட்டில் வேறு கம்பெனி. அவரைப் பார்ப்பது நின்றுபோனது.

ஆப்பில் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கேதான் எனக்கு வயிறு எரிய ஆரம்பித்தது. அவர் ஏறிக்கொண்டே போனார். ஆயிரத்து எண்ணூறு. அடுத்த சில மாதத்தில் ஆயிரத்துத் தொள்ளாயிரம். பிறகு இரண்டாயிரத்தைத் தாண்டினார். ஆடி மாதத்தில்கூட இறங்கவில்லை. நான் ராத்திரி பகல் பாடம் பார்த்து ஆயிரத்து இருநூறில் மூச்சு வாங்குகிறேன், இந்த மனுஷன் பி.டி. பீரியடில் கற்ற ஆறு நகர்த்தலை வைத்துக்கொண்டு பறக்கிறார்.

"எங்கேயோ கோச்சிங் போறார் போல," என்று மனைவியிடம் சொன்னேன். "இல்லாட்டி திருட்டுத்தனமா கம்ப்யூட்டரைக் கேட்டு ஆடறார்."

எவனாவது முன்னேறினால் நான் இப்படித்தான் பேசுவேன் என்று அவளுக்குத் தெரியும்.

அந்தக் கார்த்திகையில் என் ப்ராஜெக்ட் முடிந்தது. அடுத்தது கிடைக்கும்வரை வேலையில்லாமல் உட்கார வைப்பதை எங்கள் தொழிலில் பெஞ்ச் என்பார்கள். பெஞ்சில் காலையில் போய் உட்கார்ந்து, மெயில் வந்திருக்கிறதா என்று பார்த்து, வராததால் செஸ் ஆடி, சாப்பிட்டு, செஸ் ஆடி, வீட்டுக்கு வருவேன். மூன்றாம் வாரம் வாழ்க்கையில் முதல் முறையாக ஆயிரத்து முந்நூறைத் தொட்டேன். வீட்டுக்கு ஓடிவந்து மனைவியிடம் திரையைக் காட்டினேன்.

அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே எட்டிப் பார்த்தாள். "ஆபீஸ்ல ஒரு வேலையும் இல்லன்னு சொன்னீங்கல்ல. ஏறத்தானே செய்யும்," என்றாள்.

நான் திரையைப் பார்த்தபடி நின்றேன். இறங்கினால் வீட்டில் உலை கொதிக்கிறது என்று அர்த்தம் என்றால், ஏறினால் என்ன அர்த்தம்? இரண்டாயிரத்தைத் தாண்டினால்? பாதியில் விட்ட ஆட்டங்களை அவர் கணக்கில் தேடினேன். முன்பெல்லாம் நாளுக்கு ஏழெட்டு இருக்கும். இப்போது பக்கம் பக்கமாகத் தள்ளியும் ஒன்றிரண்டுதான் இருந்தன. எல்லா ஆட்டத்தையும் முழுசாக முடித்திருந்தார். கோச்சிங் என்று சொன்ன என் வாயை எங்கே கொண்டுபோய்க் கழுவுவது என்று தெரியவில்லை.

எனக்கு ப்ராஜெக்ட் கிடைக்க வேண்டும் என்று மனைவி திருவேற்காட்டு அம்மனுக்கு வேண்டியிருந்தாள். பெஞ்சில் லீவுக்குப் பஞ்சமில்லை. மகளுக்கு அரைப் பரீட்சை விடுமுறை. ஒரு புதன்கிழமை மூன்று பேரும் ஸ்கூட்டரில் போனோம். கும்பிட்டுவிட்டு வெளியே வரும்போது மணி பதினொன்று இருக்கும். ஆர்ச் பக்கம் அதே வண்டி, அதே காக்கிச் சட்டை. உள்ளே நாலு பேர். கொஞ்சம் தள்ளிப் புதிதாக விட்டிருக்கிற மினி பஸ் நின்றது. வண்டி வரிசையில் முன்பு பத்து நின்ற இடத்தில் மூன்று நின்றன.

"இன்னா அண்ணாத்தே, சௌக்கியமா கீறீங்களா?" என்றார். இளைத்திருந்தார். "பாப்பா நல்லா வளந்துட்சி."

"ரெண்டாயிரம் தாண்டிட்டீங்க போல," என்றேன். வேறு எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

"ஆமா," என்றார். போனைச் சட்டையில் ஒரு தரம் துடைத்தார். "இப்பல்லாம் ஆட்டத்த முட்ச்சிட்றேன். டைம் கீது."

அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். எட்டில் ஒன்றாக மூன்று வருஷம் உட்கார்ந்தவன் நான், கண்ணாடியை இறக்கிக்கொண்டு போனவனும் நான்தான்.

"பூந்தமல்லி போகணும், ஏறுங்க," என்றேன் மனைவியிடமும் மகளிடமும்.

"பூந்தமல்லியில என்ன இருக்கு? ஸ்கூட்டர் இங்கல்ல நிக்குது."

"ஏறு, சொல்றேன்."

என் முகத்தைப் பார்த்தாள். பிறகு மகளோடு நடு சீட்டில் ஏறினாள். நான் பழையபடி முன் சீட். ஏழு பேர் ஆனோம். ஒருவர் பாக்கி.

"போடலாமா?" என்றார், போனைத் தூக்கிக் காட்டி.

போட்டோம். அவர் வழக்கமான ஆறு நகர்த்தல். நான் வழக்கமான தடுமாற்றம். பதினைந்தாவது நகர்த்தல் வாக்கில் அவர் முன்கூட்டியே வைத்த ராணி, நான் செக் வைக்காமல் விட்டதால், என் குதிரையின் வாயில் வந்து விழுந்தது. எனக்கு அவர் செய்ததையே அவருக்கு நான் செய்துவிட்டேன். வேண்டுமென்று செய்யவில்லை, செக் வைக்கலாம் என்பதையே நான் கவனிக்கவில்லை. மகள் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, "அப்பா ஜெயிக்கிறாங்க" என்றாள். ஜெயித்துக்கொண்டுதான் இருந்தேன். எனக்குப் பதினான்கு விநாடி, அவருக்கு ஒன்பது. அவருடைய ராஜா மூலையில். என் முறை. ராணியால் ஒரு செக், அடுத்தது மேட். இரண்டே தட்டு. சத்தியமாக, நேர்மையாக, ஒரே ஒரு முறை.

அப்போது ஆர்ச்சுக்கடியில் ஒரு பெண் வந்து நின்றாள். இடுப்பில் குழந்தை, கையில் பை. இந்த வண்டியைப் பார்த்தாள், மினி பஸ்ஸைப் பார்த்தாள். மினி பஸ்ஸின் ஓட்டுநர் டீயைக் கீழே வைத்துவிட்டு எழுந்துகொண்டிருந்தார். அவள் கால் அந்தப் பக்கம் திரும்பியது. என் எதிராளி பார்க்கவில்லை. தன் ராஜாவையே பார்த்துக்கொண்டிருந்தார், அவர் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை.

இரண்டே தட்டுத்தான். ஆனால் ஒன்று தட்டினால் இன்னொன்று தட்டத் தோன்றும்.

போனை சீட்டில் வைத்துவிட்டுக் கீழே குதித்தேன். "அப்பா, டைம் போகுது" என்று மகள் கத்தினாள். "போகட்டும்" என்று சொல்லிக்கொண்டே ஓடினேன்.

"எங்கம்மா போகணும்?"

"பூந்தமல்லி."

"பூந்தமல்லிதான், வாங்க, நீங்க ஏறினா வண்டி கிளம்பிடும்."

பையை வாங்கிக்கொண்டு வந்தேன். அவர் அதற்குள் இறங்கி நின்றிருந்தார். குழந்தையை வாங்கிக்கொண்டு, அந்தப் பெண் ஏறியதும் மடியில் கொடுத்தார். நான் சீட்டில் உட்கார்ந்து போனை எடுத்தபோது என் பதினான்கு விநாடி தீர்ந்திருந்தது. அவர் தன் போனை ஒரு தரம் பார்த்தார், என்னை ஒரு தரம் பார்த்தார்.

"ராணிய வச்சுக்கினு தோத்துட்டீங்களே அண்ணாத்தே."

"ஆள் வந்துட்டாங்க," என்றேன்.

அவர் சாவியைத் திருகினார். வண்டி வேலப்பன்சாவடி தாண்டும்வரை மூக்கு மட்டும் சிரித்துக்கொண்டிருந்தது. பூந்தமல்லியில் எங்கள் மூவருக்கும் காசு வாங்கிக்கொண்டார், அதில் தயவு தாட்சணியம் இல்லை. திரும்பி வரவும் அவர் வண்டிதான், அது நிரம்பும்வரை முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அந்த நேரத்தில் என்னை ஒன்பது முறை தோற்கடித்தார்.

அதற்குப் பிறகு அவரைப் பார்க்கவில்லை. அந்த நம்பர் ஆப்பில் இப்போது ஆடுவதில்லை. கடைசியாக வந்து பல மாதம் ஆகிறது என்று காட்டுகிறது. வண்டியை விற்றிருக்கலாம், வேறு ரூட்டுக்குப் போயிருக்கலாம். போனைத் தொடக்கூட நேரமில்லாமல் ஆட்கள் ஏறிக்கொண்டே இருக்கிறார்கள் என்றுதான் நான் நினைத்துக்கொள்கிறேன். அப்படி நினைத்தால்தான் எனக்குத் தூக்கம் வருகிறது.

அந்தப் புதன்கிழமை வீட்டுக்கு வந்ததும் அந்த எக்செல் ஷீட்டைத் திறந்தேன். தேதி போட்டேன். எதிராளி, அதே நான்கு இலக்கம். முடிவு, தோல்வி. காரணம் என்ற கட்டத்தில் 'ஆள் வந்துட்டாங்க' என்று எழுதினேன். அந்தக் கட்டத்தில் மேலிருந்து கீழ்வரை பொய்யில்லாத வரி அது ஒன்றுதான்.